மூக்குப்பொடி டப்பா வராத ஓய்வுநாட்கள்

மேடையில் வீற்றிருக்கும் ரப்பி எல்கனா அவர்களே! முன்வரிசையில் ஈரக் கண்களோடு அமர்ந்திருக்கும் அண்ணி மசால் அவர்களே! குளிரையும் என் பேச்சையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் சஃபேத் மேட்டுத்தெரு மக்களே! உங்கள் வீடுகளில் சமாதானம் உண்டாகட்டும்.

கம்பிக்காவலர் ரகமிம் அபுத்புல் மறைந்து இன்றோடு முப்பது நாள். முப்பத்தோரு ஆண்டுகள், வெள்ளி தவறாமல், ஊரைச் சுற்றிக் கம்பங்களின் மேல் ஓடும் கம்பியை அவர் சரிபார்த்தார். நான் ஏணி பிடித்தேன். உயரம் என்றால் எனக்குத் தலைசுற்றும். ஏணியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொள்வேன். "நஃப்தாலி, நீ ஏணியப் புடிச்சிருக்கியா, ஏணி உன்னப் புடிச்சிருக்கா?" என்று மேலிருந்து கேட்பார்.

அந்தக் கம்பி எப்படி வந்தது? ஓய்வுநாளில் வீட்டைவிட்டு எந்தச் சுமையும் வெளியே போகக்கூடாது என்றது வேதம். பல வீடுகள் சேர்ந்து ஒரே வீடாகலாம் என்றார்கள் பின்னால் வந்த ஞானிகள். சுற்றிலும் சுவர் வேண்டாம், வாசல் போதும் என்றார்கள் அவர்களுக்கும் பின்னால் வந்தவர்கள். இரண்டு கம்பம், மேலே ஒரு கயிறு, அது வாசல்தானே! கயிறு கம்பியானது, ஊரே ஒரு வீடானது. அதனால்தான் நீங்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜெபஆலயம் வருகிறீர்கள். நம் பழைய கோவில் இடிந்தபோது பலியின் இடத்தில் ஜெபத்தை வைத்த யூத ஜனமல்லவா நாம்!

"ரகமிமின் கம்பி ஒருநாளும் அறுந்ததில்லை" என்று சற்றுமுன் ரப்பி சொன்னார். எல்லோரும் தலையாட்டினீர்கள். நானும் ஆட்டினேன்.

அறுந்தது ஐயா, அறுந்தது!

ஏழு வருடத்துக்கு முன் பேய்க்காற்று அடித்த ஒரு வெள்ளி. சூரியன் மறைந்து ஓய்வுநாள் பிறந்துவிட்டது. இருவரும் ஜெபஆலயத்துக்கு நடக்கிறோம். கல்லறைச் சரிவில் கம்பி தரையில் கிடக்கிறது. இனி முடிச்சுப் போட முடியாது, அதுவும் வேலையாயிற்றே.

"ஓடிப்போய்ச் சொல்லிடலாம்ணே!" என்றேன்.

"சொன்னா? கைக்குழந்தையோட வந்தவங்க அங்கயே படுத்துக்குவாங்களா? தூக்கிட்டுத்தான் வருவாங்க. தெரியாம தூக்குனா தவறு. தெரிஞ்சு தூக்குனா பாவம்டா. வாய மூடிக்கிட்டு வா."

கம்பி அறுந்தால் பையில் இருக்கும் சின்னப் பொருளும் சுமைதான். தன் மூக்குப்பொடி டப்பாவை எடுத்து அங்கேயே ஒரு கல்லின்மேல் வைத்தார். என் சீப்பையும் வைக்கச் சொன்னார். "இந்தத் தலைக்கு இது ஒரு கேடு" என்றார்.

மறுநாள் ஜெபஆலயத்தில் ஒரே கேலி. "என்னய்யா ரகமிம், டப்பா எங்க? தும்மாம ஜெபம் மேல ஏறுமா?"

"மறந்துட்டேன்பா" என்றார்.

வாசலில் என் மகள் தெகிலா, "அப்பா, இந்தப் பையக் கொஞ்சம் புடிங்க" என்று நீட்டினாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "பேரன் பொறந்தும் சோம்பேறித்தனம் போகல பாரு!" என்று குழந்தையையும் பையையும் அவளே தூக்கிக்கொண்டு நடந்தாள். வெறுங்கையோடு பின்னால் போனேன்.

அதன்பின்னும் டப்பா இல்லாமல் அவர் வந்த ஓய்வுநாட்கள் உண்டு. நான் கேட்டதில்லை. அவர் சொன்னதில்லை. உங்களுக்காக முடிவெடுக்க நாங்கள் யார்? தலைமுறை தலைமுறையாக வளர்ந்துவந்த நம் வழி, கடைசியில் ஒரு மனிதரின் மௌனத்திலா தொங்குவது? அவர் செய்தது கருணையா, களவா? எனக்குத் தெரியவில்லை. ஏணியடியில் கண்ணை மூடிக்கொள்ளத்தான் எனக்குத் தெரியும்.

அவர் வேலையை ஏற்பாயா என்று ரப்பி கேட்டார். இந்தக் கூட்டத்தில் பதில் சொல்கிறேன் என்றேன். இதையெல்லாம் மறைத்துக்கொண்டு ஏற்க எனக்குத் துணிவில்லை, அதனால்தான் சொன்னேன். சரி, ஏற்கிறேன். நேற்று ஏணியில் ஏறிப் பார்த்தேன், கண்ணைத் திறந்துகொண்டே. கால் நடுங்கியது. கம்பி நடுங்கவில்லை.

அண்ணனின் டப்பாவை அண்ணி என்னிடம் கொடுத்துவிட்டார். இனி ஓய்வுநாள்தோறும் என் கையைத்தானே பார்ப்பீர்கள்!

ரகமிம் அண்ணே! உங்கள் பணியைத் தொடர்வேன். ஆனால் டப்பாவை ஒரு ஓய்வுநாளும் எடுத்துவர மாட்டேன். கம்பி உறுதியாக நிற்கும் நாளிலும் என் கை வெறுங்கையாகவே இருக்கும்; அறுந்த நாள் எதென்று அதைப் பார்த்து யாருக்கும் தெரியாது. இவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வரட்டும்.