எண் கேட்ட இடத்தில் ஒரு சொல்

நான் எழுதிய புரோகிராம் இன்றுவரை ஒரு தப்புகூடச் செய்ததில்லை. சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள், எனக்குப் பழக்கம்தான். சித்திரகுப்தன் கணக்கில்கூட அடித்தல் திருத்தல் இருக்கும், என்னுடையதில் இருக்காது. அதன் முன்னால் நின்று நீங்கள் தும்மினால், எந்த மூக்கில் எவ்வளவு சளி என்று சொல்லிவிட்டு, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்றும் கேட்கும். திருப்பத்தூரில் இதை நான் சொல்லாத டீக்கடை கிடையாது. நம்பினவர்தான் ஒருத்தரும் கிடையாது.

போன வாரம் இதையே போலீஸ் ஸ்டேஷனிலும் சொன்னேன். இன்ஸ்பெக்டர் மஞ்சுளா எனக்கு நாற்காலி போட்டு, டீ வரவழைத்துக் கொடுத்தார். வெளியே பெஞ்சில் தீர்த்தகிரி உட்கார்ந்திருந்தான். புதூர்நாட்டுப் பக்கம் மலையில் சாமையும் புளியும் வைத்திருக்கிற ஆள். அவனுடைய அலட்சியத்தால் இரண்டு உயிர் போனதென்று கேஸ் எழுதத் தயாராக இருந்தார்கள். அந்த இரண்டில் ஒன்று அவன் கூடப்பிறந்த அக்கா மாதம்மாள். அவனை விட்டுவிடுங்கள், செய்தவன் நான் என்று சொல்லத்தான் போனேன். காரணம் அது ஒன்றுதான் என்று அப்போது நினைத்திருந்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். என் பெயர் கண்ணாயிரம். ரிட்டயர் ஆகும்வரை சென்னையில் ஒரு கம்பெனியில் இருந்தேன். வந்து விழுகிற எழுத்தையும் எண்ணையும் பிரித்துப் படிக்கிற புரோகிராம் எழுதுவதுதான் என் வேலை. சி பிளஸ் பிளஸ் என்ற கம்ப்யூட்டர் மொழியின் லைப்ரரியில் அதற்கென்று ஒரு வாசல் இருக்கிறது. வெளியே எழுத்துகள் வரிசையில் நிற்கும். ‘ஓர் எண் கொடு’ என்று நாம் கேட்டால், வரிசையில் முன்னால் நிற்பது எண்தானா என்று வாசல் பார்க்கும். எண் என்றால் உள்ளே விடும். சொல் என்றால் விடாது, விரட்டவும் செய்யாது. ஒரு கொடியை ஏற்றிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். யாராவது அந்தக் கொடியை இறக்கி, முன்னால் நிற்கும் சொல்லை அப்புறப்படுத்தினால்தான் மறுபடி வாய் திறக்கும். அதுவரை பின்னால் லட்சம் பேர் நின்று கத்தினாலும் அதற்குக் காது கிடையாது. இது கோளாறு இல்லை, அதன் சுபாவம்.

மலைக்குப் போகிற வழியில் ஒரு தரைப்பாலம். மழைக் காலத்தில் தண்ணீர் மேலே ஏறிவிடும். எங்கள் மலையில் மழை என்றால் சும்மா இல்லை. ஆடு மிதக்கும், ஆட்டின் மேல் ஆட்டுக்காரன் மிதப்பான், அவன் பீடி மட்டும் அணையாது. அக்கரையில்தான் தீர்த்தகிரியின் வீடு. பாலத்து அளவுக்கம்பத்தைப் பார்த்து, தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் என்று அவன் மெசேஜ் அனுப்புவான். மலையில் போன் பேச சிக்னல் நிற்காது, மெசேஜ் எப்படியோ போய்விடும். என் வீட்டுக் கம்ப்யூட்டர் அதைப் படித்து, அடிவாரத்து ஜீப் ஸ்டாண்டில் மாட்டியிருக்கும் போர்டில் எண்ணைக் காட்டும். பச்சை என்றால் போகலாம், சிவப்பு என்றால் நிற்கணும். ஜீப் டிரைவர்கள் சங்கத்துக்கு இலவசமாகச் செய்து கொடுத்தேன். என்னைக் ‘கம்ப்யூட்டர் ஐயா’ என்றார்கள். காதுக்கு நன்றாக இருந்தது.

டிரைவர்களில் சதீஸ்குமார் என்று ஒரு பையன். பி.சி.ஏ. படித்துவிட்டு ஜீப் ஓட்டினான். ஒரு நாள் சங்கக் கூட்டத்தில், எல்லார் முன்னாலும், தன் போனிலிருந்து என் புரோகிராமுக்கு ‘வணக்கம்’ என்று ஒரு மெசேஜ் போட்டான். போர்டு அப்படியே நின்றுவிட்டது. பிறகு இருபது, முப்பது என்று எதை அனுப்பினாலும் அசையவில்லை.

“இன்னா ஐயா, உங்க புரோகிராம் வணக்கம் சொன்னாலே செத்துப்பூடுது?” என்றான்.

“எமனுக்கே வணக்கம் போட்டா ஒரு பதில் வரும்டா,” என்றார் சங்கத் தலைவர் சிங்காரம். டீ குடித்துக்கொண்டிருந்த ஒருத்தனுக்கு மூக்கு வழியாக டீ வந்தது. அவ்வளவு சிரிப்பு. நானும் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அவன் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. சொன்னது நியாயம்தானே? சொல் வந்தால் அதை எப்படி உள்ளே எடுப்பது என்று யோசித்தேன். மறுநாளே ஒரு தையல்காரர் டேப்பை எடுத்துக்கொண்டு மலை ஏறினேன்.

மலையில் தண்ணீரை உடம்பால்தான் சொல்வார்கள். கணுக்கால், முட்டி, இடுப்பு, மார்பு, கழுத்து. அளவுக்கம்பம் முங்கிப்போனால் தீர்த்தகிரிக்கு வாயில் எண் வராது, உடம்புதான் வரும். ஆனால் முட்டி என்றால் யார் முட்டி? அதனால் அவனையே நிற்கவைத்து, தரையிலிருந்து அளந்தேன்.

“இன்னா ஐயா, எனக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?” என்றான்.

“புரோகிராமுக்குத் தைக்கிறேன். இனிமே எண் தெரியலன்னா வார்த்தையிலயே அனுப்பு. அது புரிஞ்சுக்கும்.”

“யக்கா, இத்தப் பாரு, என் முட்டி கம்ப்யூட்டருக்குப் போவுதாம்,” என்று அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினான். மாதம்மாள் எனக்குப் பலாச்சுளை கொண்டுவந்து வைத்தாள். கழுத்தை அளக்கும்போது அவனுக்குக் கூச்சம் தாங்கவில்லை, குழந்தை மாதிரி நெளிந்தான். டேப்பைச் சரியாகப் பிடிக்கச் சற்று நேரம் பிடித்தது.

வீட்டுக்கு வந்து எழுதினேன். எண் வந்தால் படி. சொல் வந்தால் கொடியை இறக்கு, அந்தச் சொல்லை எடு, தீர்த்தகிரியின் உடம்பில் தேடு, கிடைத்த எண்ணைப் போர்டில் போடு. வணக்கம் மாதிரி சம்பந்தமில்லாத சொல் வந்தால் தூக்கி எறிந்துவிட்டு அடுத்ததைப் படி. இதைவிட அழகாக எழுத என்னாலேயே முடியாது. கணுக்கால், முட்டி, இடுப்பு, மார்பு எல்லாவற்றுக்கும் எண் கொடுத்தேன். கழுத்துக்குக் கொடுக்கவில்லை. கழுத்து வந்தால் மட்டும் எடுக்காதே, எறியாதே, கொடியையும் இறக்காதே என்று எழுதினேன். இன்னொன்றும் செய்தேன். படிக்க முடியாதபோது அந்த லைப்ரரி எண்ணைச் சுழியம் ஆக்கிவிடும். கொட்டுகிற மழையில் போர்டில் சுழியம் தெரிந்தால் மாடு மேய்க்கிறவனும் சந்தேகப்படுவான். அதனால் பழைய எண்ணே நிற்கட்டும் என்று வைத்தேன்.

ஏன் கழுத்து என்று கேட்பீர்கள். காட்டாற்றுக்குப் படி ஏறிப் பழக்கமில்லை. மேலே எங்கோ மழை கொட்டும். இங்கே முட்டியளவு இருக்கும் தண்ணீர் பீடி பற்றவைக்கும் நேரத்தில் கழுத்துக்கு வந்து நிற்கும். நடுவில் இடுப்பு, மார்பு எல்லாம் கிடையாது. மற்ற டிரைவர்கள் போர்டைப் பார்த்துவிட்டு வானத்தையும் பார்ப்பார்கள். சதீஸ்குமார் படித்தவன். போர்டை மட்டும் பார்ப்பான்.

அவன் திரும்பவும் வணக்கம் போட்டுப் பார்த்தான். போர்டு சட்டை செய்யவில்லை, அடுத்த எண்ணை ஒழுங்காகக் காட்டியது. வீட்டுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். “அன்னிக்கு ஓவரா பேசிட்டேன், மன்னிச்சுடுங்க ஐயா. இனிமே உங்க போர்டப் பாத்துட்டு கண்ண மூடிக்கினு ஓட்டுவேன்,” என்றான். என் மனைவி திரௌபதி அவனுக்குக் கேசரி கொடுத்தாள். அவன் போன பிறகு, அந்த வரியை அழித்துவிடலாமா என்று யோசித்தேன். நன்றாக எழுதிய வரி. இருக்கட்டும் என்று விட்டேன். அந்த வருஷம் கழுத்து வரவில்லை. அடுத்த வருஷம் வந்தது.

பிற்பகல். போர்டில் முட்டி அளவு, பச்சை. ஜீப்புக்கு முட்டி ஒன்றுமில்லை. மற்றவர்கள் வானத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார்கள், சதீஸ்குமார் கிளம்பினான். அந்த ஜீப்பில், சந்தைக்குப் போய்த் திரும்புகிற மாதம்மாளும் ஏறினாள். அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யாராவது கேட்டால், அதற்கும் ஒரு பதில் இருக்கிறது, ஆனால் யாரும் கேட்கவில்லை. பாலத்தின் மேல் செம்மண் தண்ணீர். மேலிருந்து பார்த்தால் முட்டியும் ஒன்றுதான், கழுத்தும் ஒன்றுதான்.

அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் என்றும் யாரும் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் முன்னால்தான் இருந்தேன். வரிசையில் என்னென்ன காத்திருக்கிறது என்று பார்க்க எனக்கு ஒரு தனித் திரை உண்டு. முதலில் வந்து நின்றது: கழுத்து. புரோகிராம் வாயை மூடிக்கொண்டது. அதன் பின்னால் ஒவ்வொன்றாக வந்து நின்றன.

ஐயா கழுத்து.

ஜீப்பு வருது.

நிறுத்துங்க.

அக்கா கை தெரியுது.

தெரியல.

கொடியை இறக்க ஒரே ஒரு வரி போதும். முதல் ‘கழுத்து’ வந்தபோதே இறக்கியிருந்தால் ஜீப் ஸ்டாண்டைவிட்டுக் கிளம்பியிருக்காது. திரௌபதி காபி கொண்டுவந்து வைத்தாள். குடித்தேன். சர்க்கரை சரியாக இருந்தது.

அதற்குப் பிறகு எண் தெரிகிற இடங்களை நான் பார்ப்பதில்லை. ரேஷன் கடைத் தராசு, பஸ்ஸின் நெற்றி, பெட்ரோல் பங்க் மீட்டர், எதையும். திரௌபதி பி.பி. மெஷினில் கையை விட்டுக்கொண்டு “எவ்ளோங்க காட்டுது?” என்று கேட்பாள். குனிந்து பார்த்தால் எண் இருக்க வேண்டிய இடத்தில் ‘தெரியல’ என்று நிற்கும். கண்ணைக் கசக்கினாலும் போகாது. பின்னால் இன்னும் யாரோ வரிசையில் நிற்கிற மாதிரி பிடரி கூசும். “நார்மல்தான்,” என்று சொல்லிவிடுவேன்.

இத்தனையும் சொல்லி முடித்தேன். மஞ்சுளா என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

“ஐயா, அந்த ஆளு மேல பாவப்பட்டு ஏன் பழிய இழுத்துப் போட்டுக்கறீங்க? எண்தான் அனுப்பணும்னு சங்கத்துல சொல்லியிருக்காங்க, அவன் வார்த்தைய அனுப்பிட்டான். மெஷினு நின்னுப்போச்சு. மிஞ்சிப்போனா உங்க புரோகிராம்ல ஒரு பக்கு, அதான் ஏதோ கோளாறு. என் தம்பியும் ஐ.டி.லதான் இருக்கான், தெனமும் பக்கு பக்குன்னுதான் பொலம்புவான். யாரும் உங்களக் குத்தம் சொல்ல மாட்டாங்க. வூட்டுக்குப் போங்க.”

கொலைகாரன் என்று அவர் சொல்லியிருந்தால் அடுத்த வாய் டீ குடித்திருப்பேன். பக்கு என்றதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். கையோடு கொண்டுபோயிருந்த லேப்டாப்பைத் திறந்து, அதே புரோகிராமை ஓடவிட்டு அவர் முன்னால் வைத்தேன்.

“உங்க போன்லேர்ந்தே அனுப்புங்கம்மா,” என்றேன்.

இருபது என்று அனுப்பினார். திரையில் இருபது. என் புரோகிராமில் மட்டும் எண் எனக்கு எண்ணாகவே தெரிந்தது. முட்டி என்று அனுப்பினார், எண்ணாக மாறியது. மார்புக்குச் சிவப்பு எரிந்தது. வணக்கம் என்றார், தாண்டிப் போனது. பிறகு அவராகவே ஏதேதோ அனுப்பினார். வேப்பம்பூ, பக்கோடா, தம்பி பெயர். எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு, அடுத்து அவர் அனுப்பிய முப்பதைப் பச்சையில் காட்டியது.

“இப்போ கழுத்து,” என்றேன்.

அனுப்பினார். முப்பது, பச்சை. நூறு என்று அனுப்பினார். முப்பது, பச்சை. அவர் முகத்தில் இருந்த சிரிப்பு எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை, திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி மறுபடி தட்டினார். என்ன தட்டினார் என்று தனித் திரையில் எனக்குத் தெரிந்தது. நிறுத்து. நிறுத்து. நிறுத்து.

எழுந்து போய் வாசலில் நின்று தீர்த்தகிரியைப் பார்த்தார். கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு, அவனை அனுப்பிவிடச் சொன்னார். திரும்பி வந்து நாற்காலியைப் பின்னால் இழுத்து, என்னிடமிருந்து தள்ளி உட்கார்ந்தார்.

“பக்கு இல்ல. நீ சொன்னதுதான் நடந்திருக்கு. ஒரு தப்புகூட இல்லாம வேலை செஞ்சிருக்கு.”

அவர் ‘நீ’ என்றதை நான் பொருட்படுத்தவில்லை.

“இன்னொரு தடவை சொல்லுங்கம்மா,” என்றேன்.