தை மாதக் கல்யாணச் சாப்பாட்டின் விலை

பினாங்கின் பட்டர்வொர்த் ஃபெரிப் படகில் என் எதிரே கல்யாணச் சமையல்கார அக்காவும் மணப்பெண்ணின் தகப்பனாரும் இருந்தார்கள். அவர் மனைவி மட்டும் தன் சங்கிலியோடு லிட்டில் இந்தியாவில் அடகுக்கடைக்குப் போயிருந்தார்.

“தை மாசத்துக்குள்ள சாப்பாட்டு வெல எவ்ளோ ஏறுமோ! சங்கிலிய வச்சு இப்பவே முழுசா கட்டிடறேன்மா.”

“வேணாம்ணே. சில நாட்டுல, வெலவாசிய வருசத்துக்கு இவ்ளோதான் ஏற விடுவோம்னு மத்திய வங்கி முன்கூட்டியே சொல்லிடும். அத நம்புற சனம் அவசரப்பட்டு வாங்காது. நானும் சொல்றேன்லா, இன்னைக்கு வெலையில இருந்து ஒரு இலைக்கு ஒரு வெள்ளிக்கு மேல ஏத்த மாட்டேன்.”

“அரிசி அதுக்கு மேல ஏறிட்டா?”

“என் லாபம் கொறையும். சொன்னத மாத்துனா அப்புறம் எவன் என்னை நம்புவான்?”

அவர் சிரித்துக்கொண்டே மனைவியைத் தொலைபேசியில் அழைத்தார். “சங்கிலிய வைக்காத, வீட்டுக்குப் போ!”

அக்காவிடம் முன்பணம் மட்டும் கொடுத்தார்: இருநூறு மலேசிய வெள்ளி.