ஆறாவது ஓட்டை

இல்ல சார், காப்பியெல்லாம் வேணாம், தண்ணியே போதும். பஸ்ஸ விட்டு எறங்கவும் மழை புடிச்சிக்கவும் சரியா இருந்துச்சு, அதான் இப்படி சொட்டச் சொட்ட வந்து நிக்கிறேன். ஃப்ளூட்டுப் பெட்டி நனையல. துப்பட்டாவுல சுத்தி நெஞ்சோட அணைச்சுக்கிட்டுத்தான் வந்தேன்.

நீங்க குரூப்புல போட்ட அன்னிக்கே பாத்துட்டேன் சார். விரலால அமுக்குற கீ வச்ச ஐரிஷ் ஃப்ளூட்டு இருக்கு, கீ இல்லாத நல்ல ஃப்ளூட்டு யாராச்சும் வச்சிருந்தா மாத்திக்கலாம்னு. தஞ்சாவூர்ல இன்னொருத்தர் இத வாசிக்கிறார்ங்கிறதே அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும். போன்ல சொன்னேன்ல, செந்தாமரை. திருவிடைமருதூர் பக்கம். ஆரம்ப சுகாதார நிலையத்துல நர்ஸு. அயர்லாந்துல மூணு வருஷம் ஒரு முதியோர் இல்லத்துல வேலை பாத்தேன், என்னிஸ்ங்கிற ஊர்ல. ஆமா ஆமா, கிளேர் ஜில்லாதான். நீங்க டப்ளினா? சரி சரி.

அங்க கூட வேலை பாத்த பொண்ணு ஒண்ணு செவ்வாக்கெழம ஆச்சுன்னா என்னை இழுத்துக்கிட்டுப் போயிடும். பத்துப் பேரு வட்டமா உக்காந்து வாசிப்பாங்க. ஒருத்தரு எடுப்பாரு, மத்தவங்க புடிச்சுக்குவாங்க. எனக்கும் ஆசை வந்துடுச்சு. கீ இல்லாததே போதும்னுட்டாங்க. முக்கால்வாசிப் பாட்டு ரெண்டு ஸ்கேலுக்குள்ளயே முடிஞ்சுடுதுல்ல. நாலு வருஷமா ஒரு கீயும் இல்லாமத்தான் ஓட்டிக்கிட்டிருக்கேன். கீ வச்சது வாங்கப் போறேன்னு எங்கம்மாகிட்ட சொன்னா, ஊதுற குழலுக்கு எதுக்குடி சாவி, எவன் வந்து தொறக்கப் போறான்னு கேக்குது.

ஒண்ணு மட்டும் மொதல்லயே சொல்லிடறேன் சார். என்னோடதுல ஒரு கொறை இருக்கு. மறைச்சு உங்க தலையில கட்டிட்டேன்னு இருக்கக்கூடாது. ஆறு ஓட்டையும் பொத்தினா வருமே அடி ஸ்வரம், அது வர மாட்டேங்குது. ஆடி மாசத்துலேர்ந்துதான். காத்து எங்கயோ கசியுற மாதிரி பீச்சுன்னு போயிடுது. வெயில்ல மரம் விட்டுருச்சோன்னு டார்ச் அடிச்சுப் பாத்தேன், ஒரு கீறல் இல்ல. பாதாம் எண்ணெ விட்டேன். மூட்டுல நூலப் பிரிச்சுத் திரும்பச் சுத்தினேன். ஒண்ணும் கேக்கல.

நானா? வேணாம் சார், நீங்களே வாசிங்க. கையெல்லாம் ஈரம். வாசிங்க, நான் கேக்குறேன்.

...

வந்துருச்சே சார்.

இன்னொரு தடவ வாசிங்க. பாட்டு வேணாம், அந்த அடி ஸ்வரம் மட்டும். ... நல்லா நெறஞ்சு வருது. நீங்க விரல அழுத்தினீங்களா? சும்மாதான் வச்சீங்களா. ஆமா, சும்மாதான் வைக்கணும். அழுத்தவே கூடாது.

ஒண்ணுமில்ல சார், நனைஞ்சதுல குளுருது. ஃபேன மட்டும் நிறுத்திடுங்களேன்.

உங்களோடத கொஞ்சம் பாக்குறேன். வெயிட்டா இருக்கே. இது இடது கட்டைவிரலுக்கு. இந்த ரெண்டும் இடது சுண்டுவிரல். இது வலது சுண்டுவிரலா? ம். அப்ப ஆறு ஓட்டையையும் இதுலயும் விரலாலதான் பொத்தணும். இல்ல, தெரியும் சார், வீடியோவுல எத்தனையோ தடவ பாத்துருக்கேன். நடுவுல விட்டுப்போன ஸ்வரத்துக்குத்தான் கீ, ஓட்டைக்கு இல்லன்னு நல்லாவே தெரியும். இருந்தாலும் கையில புடிச்சுப் பாத்தா வேற மாதிரி இருக்குமோன்னு ஒரு நப்பாசை.

ஒண்ணு கேக்கட்டுமா? இந்தக் கடைசி ஓட்டைக்கு மேல ஒரு தகடு, அடியில தோலு ஒட்டி, விரல் எங்க பட்டாலும் பொத்திக்கிற மாதிரி ஒரு கீ போட முடியுமா சார்? என்னோடதுல முடியாது. வெறும் குழா, ஆணி எறக்கினா பொளந்துடும். உங்களோடதுல கீ நிக்கிறதுக்குன்னு மரத்துலயே மேடு விட்டிருக்காங்க பாருங்க. கும்பகோணத்துல பஞ்சநதம்னு ஒருத்தர் கிளாரினெட் ரிப்பேர் பண்றாரு. போட்டோ காட்டினேன். இந்த மேடு இருந்தா போட்டுடலாம்மான்னாரு. அதுக்குத்தான் சார் ஓடியாந்தேன், வேற எதுக்கும் இல்ல.

ஏன்னா, விரலுக்குத் தெரியல சார்.

ஓட்டையோட விளிம்பு விரல்ல படும்ல, உள்ள காத்து துடிக்கிறது தெரியும்ல. மத்த விரலுக்கெல்லாம் தெரியுது. அந்தக் கடைசி ஓட்டையப் பொத்துற வலது மோதிர விரல்ல சுண்டுவிரல் பக்கத்துப் பாதிக்குத் தெரியல. சுண்டுவிரலுக்கு முழுசாவே தெரியல. விரல் ஓட்டை மேல இருக்கா, தள்ளி இருக்கான்னு கண்ணால பாத்தாத்தான் தெரியுது. ஃப்ளூட்டுலதான் கோளாறுன்னே மூணு மாசம் இருந்துட்டேன் சார். இப்ப நீங்க வாசிச்சு முடிக்கிற வரைக்கும்கூட கோளாறு ஃப்ளூட்டுலயே இருந்துடணும்னுதான் வேண்டிக்கிட்டு நின்னேன்.

ஐப்பசியில ஒரு நாள் தோசை ஊத்திக்கிட்டிருக்கேன், கருகுற வாடை அடிக்குது. தங்கச்சி ஓடியாந்து, அக்கா கை, கைன்னு கத்துறா. சுண்டுவிரல் கல்லு மேல இருக்கு. எனக்கு ஒண்ணுமே தெரியல.

அன்னிக்கு மத்தியானம் அவளை உக்கார வச்சேன். ஆஸ்பத்திரியில ட்ரெயினிங் குடுக்குறாங்க, நான் கண்ண மூடிக்கிறேன், நீ பேனா முனையால என் கையில அங்கங்க தொடு, தொட்ட எடத்த நான் காட்டுறேன்னேன். அவளுக்கு அது வெளையாட்டு. சிரிச்சுக்கிட்டே தொட்டா. கட்டைவிரல காட்டுனேன், நடுவிரல காட்டுனேன். அப்பறம் தொடவே இல்ல. சரி, சும்மா ஏமாத்துறான்னு நானும் கண்ணத் தொறக்காம உக்காந்திருக்கேன். ரொம்ப நேரம் கழிச்சு, தொட்டுக்கிட்டேதான்க்கா இருக்கேன், ஏன் காட்ட மாட்டேங்குறேன்னா. கண்ணத் தொறந்தா சுண்டுவிரல் பூரா நீலப் புள்ளி சார்.

அதே பேனாவ எடுத்துக்கிட்டு ஊரு ஊராப் போயி மத்தவங்களுக்குப் பாக்குறவ நான். எனக்குத் தெரியாதா? அன்னிக்கு அவகிட்ட சிரிச்சுட்டு எந்திரிச்சுப் போயி பாத்ரூம்ல கொழாயத் தொறந்து விட்டுட்டு உக்காந்திருந்தேன். அவளுக்குத் தையில கல்யாணம் வச்சிருக்கு. மாப்ள வீட்டுக்குத் தெரிஞ்சா என்னாவும்? அம்மாகிட்டயும் சொல்லல. கூட வேலை பாக்குறவங்ககிட்டயும் வாயத் தொறக்கல. எங்க ஆஸ்பத்திரியில காட்டவே பயந்துக்கிட்டு, துண்டால மூஞ்ச மறைச்சு, மயிலாடுதுறைக்குப் போயி காமிச்சேன்.

நரம்புக்கு உணர்ச்சி திரும்ப வாய்ப்பு இருக்குன்னாரு டாக்டர். மரத்துப்போயி ஆறு மாசத்துக்குள்ள வந்துட்டீங்க, இன்னும் ஆறு மாசம் மாத்திரைய விடாமப் போடுங்கன்னாரு. திரும்பலாம்னாரு சார். திரும்பும்னு சொல்லல. நான் ரெண்டு தடவ கேட்டேன், ரெண்டு தடவையும் திரும்பலாம்தான். ராத்திரியில முழிப்பு வந்தா, விரல் மடங்கிக்கிடுச்சான்னு மொதல்ல தடவிப் பாத்துட்டுத்தான் மறுபடி படுக்குறேன்.

அதான் சார் முடிவு பண்ண முடியல. கீ வச்சத எடுத்துக்கிட்டுப் போயி தகடு போட்டா, நாளைக்கே அடி ஸ்வரம் வந்துடும். ஆனா இந்த விரல் இனிமே இல்லன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. கீ இல்லாததையே வச்சுக்கிட்டு, விரலும் திரும்பலன்னா? மாத்திடணும்னுதான் காலையில பஸ்ஸு ஏறுனேன். இப்ப உங்க கையில அது அவ்வளவு நெறஞ்சு வர்றதக் கேட்டதும்... வேணாம் சார். மாத்த வேணாம். பயமாத்தான் இருக்கு. இருந்தாலும் அந்த ஆறு மாசம் ஓடட்டும். மன்னிச்சுக்குங்க, மழையில வந்து உங்க நேரத்தையும் கெடுத்துட்டேன். என்னோடதக் குடுங்க, கெளம்புறேன்.

இன்னொண்ணு. நீங்க அதுல வாய் வைக்கிறதுக்கு முன்னாடியே நான் சொல்லியிருக்கணும். சொன்னா தொட மாட்டீங்களோன்னு பயம். தண்ணி குடுத்த டம்ளரைக்கூட எங்க வைக்கிறதுன்னு தெரியாம இன்னும் கையிலயே வச்சிருக்கேன் பாருங்க. தொழுநோய் சார் எனக்கு. மாத்திரை ஆரம்பிச்சு மூணு வாரம் ஆவுது, இனிமே யாருக்கும் ஒட்டாது. உங்களுக்கு ஒண்ணும் வராது. இதையேதான் நான் வீடு வீடாப் போயி சொல்லியிருக்கேன், பயப்படாதீங்க பயப்படாதீங்கன்னு. அவங்க என் மூஞ்சியவே பாப்பாங்க. ஏன் நம்ப மாட்டேங்குறாங்கன்னு எனக்கு எரிச்சல்கூட வரும்.

சார்... என் ஃப்ளூட்ட ஏன் மறுபடி வாயில வைக்கிறீங்க? நான் சொன்னது காதுல விழுந்துச்சுல்ல?