மாற்றுச் சாவி

ஐயா, நீங்கள் கொடுத்த பேனா நன்றாக எழுதுகிறது. ஆகவே முதலிலிருந்தே வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மின்னஞ்சலுக்குப் பூட்டுப் போடுவது எங்கள் தொழில். அனுப்புகிறவரையும் பெறுகிறவரையும் தவிர வேறு யாராலும் படிக்க முடியாது. நானும் என் தங்கையின் கணவரும் சேர்ந்து தொடங்கினோம். நல்ல பூட்டுதான், ஆனால் அதைப் போட இருபத்திரண்டு படிகள். தங்கையே மாதம் இரண்டு முறை பாஸ்வேர்டை மறந்தாள். "அண்ணா, இந்தப் பூட்டு திருடனுக்கா, எனக்கா?" என்றாள்.

நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் ஒரே பொத்தானாக்கினேன். மறப்பவர்களுக்கு உதவ, ஒவ்வொருவர் சாவிக்கும் ஒரு நகல் எடுத்து என்னிடம் வைத்துக்கொண்டேன். மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை; வீணாகக் கவலைப்படுவார். நாற்பதாயிரம் பேர் சேர்ந்தார்கள். யாருடைய கடிதத்தையும் நான் பிரித்துப் பார்த்ததில்லை.

செவ்வாய் மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மாப்பிள்ளை சர்வர் அறையில் குனிந்து கேபிள் சொருகிக்கொண்டிருந்தார். "மச்சான், டார்ச்சைக் கொஞ்சம் இப்படிப் பிடிங்க" என்றார். பிடித்தேன். பிறகு அதைத் தரையில் வைத்துவிட்டு, சுவரிலிருந்த தீயணைப்பு உருளையை எடுத்தேன். முதல் அடிக்கு அவர் திரும்பிப் பார்த்து, "என்ன மச்சான், கை தவறிடுச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்புறம் நான்கு அடி. நெற்றி உள்ளே போன சத்தம் மின்விசிறிகளின் இரைச்சலில் பெரிதாகக் கேட்கவில்லை. பல் ஒன்று சர்வர் பெட்டிக்கு அடியில் உருண்டிருந்தது. துடைத்து அவர் சட்டைப் பையிலேயே போட்டேன். திருடன் வேலை என்றுதான் நீங்களும் முதலில் எழுதினீர்கள்.

நகல் சாவி விஷயத்தை அவர் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்; மறுநாள் வாடிக்கையாளர் எல்லோருக்கும் அறிவிப்பதாக இருந்தார். நாற்பதாயிரம் பேரும் மறுபடி அந்த இருபத்திரண்டு படிகளில் ஏறியிருப்பார்கள். என்னிடம் இதை அவர் சொல்லவில்லை. தங்கைக்கு மட்டும், பூட்டுப் போட்டு எழுதியிருந்தார்: "உங்க அண்ணனை மாட்டிவிட மாட்டேன். பழியை நானே ஏத்துக்கறேன். நீ அழாதே."

அடக்கம் முடிந்த மறுநாள் தங்கை வந்தாள். "அவர் கடைசியா அனுப்பின மெயில் அப்படியே கிடக்கு. பாஸ்வேர்டு மறந்துபோச்சு. திறந்து குடுங்கண்ணா." திறந்து கொடுத்தேன். கடிதத்தை முழுவதும் படித்தாள். அதன் கீழே இருந்த சின்ன வரியையும் படித்தாள்: 'படிக்கப்பட்டது, திங்கள், மாலை 6.10.' அந்த வரியும் வாடிக்கையாளர் வசதிக்காக நான் சேர்த்ததுதான். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு உங்களுக்குப் போன் செய்தாள்.

மற்றபடி, யாருடைய கடிதத்தையும் நான் பிரித்துப் பார்த்ததில்லை. தங்கையுடையது வேறு, ஐயா. அவள் வீட்டு ஆள்.