சேஸி நம்பர் தகட்டைக் கழற்றியது நான்தான்

போலீஸ் சார்ஜன் காளியப்பன் ஐயா அவர்களுக்கு, இந்த ராத்திரி நேரத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கு மன்னிக்கவும். பாப்பாவுக்குப் பல் முளைக்கிறது, இப்போதுதான் கண் அசந்தாள். தமிழிலேயே எழுதிக் கொடுங்கள், மலாயில் நான் மாற்றிக்கொள்கிறேன் என்று நீங்கள் சொன்னபடி எழுதுகிறேன்.

என் பெயர் லோஷினி த/பெ மகேஸ்வரன். வயது 29. டிப்ளோமா படித்தவள். எண் 14, ஜாலான் மெலூர் 3, தாமான் இந்தா மெலூர், செனாய் என்ற முகவரியில் கணவர் ஹேமநாதன், எட்டு மாத மகள் விசாலி ஆகியோருடன் வசிக்கிறேன்.

என் கணவர் சென்ற ஆண்டு லாபிஸில் ஒருவரிடமிருந்து 1969-ஆம் ஆண்டு எம்ஜி மிட்ஜெட் காரை கிராண்ட் பதிவுப் பத்திரத்தோடு முறையாக வாங்கினார். அதன் பின் வீட்டுப் போர்ச்சிலேயே வைத்துப் பழுது பார்த்து வந்தார். அவருக்குச் சிங்கப்பூரில் வேலை, ஞாயிறு ஒரு நாள்தான் ஓய்வு. துருப்பிடித்த அடித்தகட்டை வெட்டி வெல்டிங் வைத்தார், அதன் பின் டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்நேட்டர் போட்டார், அதன் பின் புது சீட் பெல்ட் மாட்டினார். "ரெண்டே சீட்டு, மூணு பேரு எப்படிங்க போறது?" என்று கேட்டேன். "நீ ஓட்டு, பாப்பா பக்கத்துல. நான் பின்னாடியே மோட்டார்ல வரேன் லா" என்றார்.

23.7.2025 புதன்கிழமை மதியம் பாப்பா தூங்கியதும், அவருக்கு ஒரு வேலையாவது குறையட்டும் என்று இன்ஜின் அறையின் பக்கச் சுவரைத் தேய்த்து பெயின்ட் அடிக்க இறங்கினேன். சேஸி நம்பர் பொறித்த சின்னத் தகடு அங்கே ரிவெட் அடித்து வைத்திருந்தது. அதில் பெயின்ட் பட்டுவிடக் கூடாதே என்று இரண்டு ரிவெட்டையும் டிரில் போட்டு எடுத்தேன். டிரில் வழுக்கி ஒரு துளை பெரிதாகிவிட்டது. அந்தத் தகட்டைத் தொடவே கூடாது என்பது சத்தியமாக எனக்குத் தெரியாது. அதன் பின் பெயின்ட் காய்ந்ததும் புது ரிவெட் அடித்து அதே தகட்டைத் திரும்பப் பொருத்தினேன். வேலை முடிந்து வந்தவர் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "பெயின்ட் அழகா இருக்கும்மா" என்று மட்டும் சொன்னார்.

11.8.2025 காலை அவர் லீவு போட்டுக் காரைக் கொண்டுபோன வாகனச் சோதனை நிலையத்தில் அதிகாரி புது ரிவெட்டைப் பார்த்து, நம்பர் மாற்றிய திருட்டுக் காராக இருக்கலாம் என்று தடுத்து வைத்தார். அதன் பின் உங்கள் நிலையத்தில் என் கணவர், கழற்றியது தான்தான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "பின்னே, கைப்பிள்ளைக்காரியை ஸ்டேஷன்ல உட்கார வைக்கவா?" என்றார். ஐயா, அவர் சொன்னது உண்மையல்ல. எனக்காகச் சொன்னது.

கழற்றுவதற்கு முன் தகட்டை போனில் படம் எடுத்தேன். நேரம் மதியம் 2.40. படத்தை இணைத்துள்ளேன், நம்பரை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த நேரம் அவர் சிங்கப்பூரில் இருந்தார், எல்லையில் பாஸ்போர்ட் பதிவைப் பார்த்தால் தெரியும். தகட்டையும் ஒருமுறை பாருங்கள். இடது பக்கம் இறங்கிக் கோணலாக நிற்கும். காலண்டர் மாட்டவே ரசமட்டம் வைத்துப் பார்க்கிற மனிதர் அவர். நான் அடித்தது என்பதால்தான் அதை நிமிர்த்தாமல் விட்டார்.

இதில் எதையும் யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நானே எழுதி, நானே படித்துப் பார்த்தேன், எல்லாம் நடந்தது நடந்தபடியே உள்ளது.

(ஒப்பம்) லோஷினி, 12.8.2025

வியாழக்கிழமை அவரை மறுபடி வரச் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கு முன்பே நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சீக்கிரம் பதில் போடுங்கள் ஐயா.