மொத்த ஃபோல்டரையும் திறந்துவிட்டவள்

இல்லண்ணே, டிவி கெட்டுப்போகல. டோக்கன் நம்பர் வெறும் எழுத்தா வருதுல்ல, கலரும் இல்லாம படமும் இல்லாம? அது வேற சமாச்சாரம். உக்காருங்க, சொல்றேன். எனக்கு வேலையே அதான்.

எங்கக்கா பல் டாக்டர். அவ கிளினிக்குக்கு நான்தான் வெப்சைட் செஞ்சு குடுத்தேன். என் கம்ப்யூட்டர்ல ஜம்முனு இருந்துச்சு. லைவ்ல ஏத்தினேன் பாருங்க, இதே கதிதான். பல்லு படம் வர வேண்டிய எடத்துல கிழிஞ்ச காகிதம் மாதிரி ஒரு பொம்மை. அக்கா போன்ல, என்னடி இது, சாவுச் செய்தி மாதிரி இருக்குங்கறா.

என்னன்னா, நாம எழுதிப் பாக்கற வரைக்கும் படம், கலர் எல்லாத்தையும், வெப்சைட் கட்ட ஒரு சாரம் மாதிரி சாஃப்ட்வேர் இருக்கு, ஃப்ரேம்வொர்க்குன்னு, அதுவே எடுத்துக் குடுக்கும். ஊருக்குத் தொறந்துவிட்டதும், அது என் வேலை இல்லன்னு கையக் கழுவிடும். நாமதான் எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல சேத்து வெச்சு, சர்வர்கிட்ட, இத மட்டும் காட்டுன்னு சொல்லணும். மட்டும்! அங்கதான் விஷயமே.

நான் என்ன பண்ணேன்? அக்கா கத்துன கத்துல, படத்தையெல்லாம் என் வேலை ஃபோல்டர்லயே கொட்டி, அந்த மொத்தத்தையும் காட்டச் சொல்லிட்டேன். வாசக்கதவத் தொறக்கச் சொன்னா பீரோவையும் சேத்துத் தொறந்து வெச்ச மாதிரி. படம் வந்துச்சு. கூடவே உள்ள இருந்த ஃபைல் பட்டியலும், தொட்டா தொறக்கற மாதிரி வந்துச்சு.

சேச்சே, பாஸ்வேர்டெல்லாம் வேற எடத்துலண்ணே. அது போயிருந்தாக்கூட மாத்திக்கலாம். போனது நான் எழுதின ஒரு லெட்டர். ஃபைல் பேரு, அனுப்பாதே நிஜமாவே கடைசி.

யாருக்கா? கிளினிக்ல பல்செட்டு செய்யறவருக்கு. எட்டு மாசமா எழுதி எழுதி அழிச்சது. உங்க முன்பல்லு கொஞ்சம் கோணல், ஆனா எனக்கு அதுதான் புடிக்குதுன்னு ஆரம்பிக்கும். சிரிக்காதீங்கண்ணே.

மூணு நாள் தொறந்தே கெடந்துச்சு. பல்லு காட்ட வந்தவங்க பூராப் பேரும் படிச்சிருக்காங்க. கன்னம் வீங்கின ஒரு பெரியம்மா, வாயில பஞ்ச வெச்சுக்கிட்டே அக்காகிட்ட, அந்தத் தம்பி பதில் சொல்லிட்டாரான்னு கேட்டாங்களாம்.

அப்பதான் எனக்கே தெரியும். சர்வரச் சரி பண்ணிட்டு, போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டுப் படுத்துட்டேன். மத்தியானம் வாசல்ல அவரே வந்து நிக்கறார். கையில லெட்டர், பிரிண்ட் எடுத்து, சிவப்பு மையில நாலு சுழி. எழுத்துப்பிழையாம்! எனக்கு அழுகையே வந்துருச்சு. பிடுங்கிப் பாத்தா, அடியில, மத்ததெல்லாம் சரி, எனக்கும் அப்படித்தான்னு எழுதியிருக்கு.

அதோ, ஜெராக்ஸ் எடுத்துட்டு வர்றாரே நீலச் சட்டை, அவர்தான். அக்காதான் வர்றதா இருந்துச்சு, திடீர்னு யாருக்கோ பல்லு ஒடஞ்சுருச்சாம், மாட்டிக்கிட்டா. அதான்... உங்க பத்திரம் பதிய இன்னும் நேரம் இருக்குல்லண்ணே? எங்க கல்யாணத்துக்கு ஒரு சாட்சி கொறையுது. அடையாள அட்டை கையிலதானே வெச்சிருக்கீங்க?