இருநூறாவது தோட்டா

சின்னத் துப்பாக்கி வாங்க வருகிறவர்கள் அது கைக்கு அடக்கமாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். சின்னதாக இருந்தால் சொன்னபடி கேட்கும் என்று ஒரு நினைப்பு. உண்மையில் துப்பாக்கி சிறுக்கச் சிறுக்க அதன் பிடிவாதம் கூடும். பெரியது எந்தத் தோட்டாவைப் போட்டாலும் விழுங்கிவிடும். சின்னது, சாப்பாட்டில் குறை சொல்கிற மாப்பிள்ளை மாதிரி, பாதியில் நிறுத்திவிட்டு உட்கார்ந்துகொள்ளும்.

நீங்கள் உட்காருங்கள், ஐயா. நான் நின்றுகொண்டே சொல்கிறேன். கொஞ்ச நாளாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கையும் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. இந்த ஸ்பிரிங்கை உருட்டிக்கொண்டே பேசுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள். ரோவீனாவின் துப்பாக்கி அவள் வீட்டில் இல்லாமல் என் மேசை இழுப்பறையில் ஏன் இருந்தது என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. ஷெரீஃப் அலுவலகத்திலிருந்து அதைக் கேட்டு வந்த முதல் ஆள் நீங்கள்தான்.

ரோவீனா டக்கெட் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தாள். அவளை அடித்ததற்காக உள்ளே போன முன்னாள் கணவன் ட்ராய், மார்ச் மாதம் வெளியே வந்தான். அவள் பக்கமே போகக்கூடாது என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. சொல்வதற்கென்ன, சொல்லலாம். அதே வாரம் அவள் இந்தக் கடைக்கு வந்து ஒரு கைத்துப்பாக்கி வாங்கினாள். கடை மெர்ல் என்பவருடையது. பின்கட்டில் இருக்கும் இந்தப் பழுதுபார்க்கும் மேசை மட்டும் என்னுடையது.

முதல் நாளே துப்பாக்கி மாட்டிக்கொண்டது. பின்னால் மலையடிவாரத்தில் சுட்டுப் பழகும் இடத்தில் நின்று சுட்டாள். தோட்டா குழலுக்குள் ஏறாமல் மூக்கை முட்டிக்கொண்டு நிற்க, ஒவ்வொரு சூட்டுக்கும் பின்னால் போய்த் திரும்பும் மேல்மூடி பாதியிலேயே நின்றுவிட்டது. ஒரு பெண்ணின் கையில் துப்பாக்கி மாட்டினால் எங்கள் மேற்கு வர்ஜீனியா ஆண்களிடம் ஒரே விளக்கம்தான் உண்டு. மணிக்கட்டில் பலமில்லை. "மணிக்கட்ட விறைப்பா வைம்மா, துப்பாக்கி சரியாத்தான் இருக்கு" என்று மெர்ல் சொன்னார். பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்தவர்களும் தலையாட்டினார்கள்.

"அம்பது புள்ளைங்கள ஏத்திக்கிட்டு, பனியில, பக்ஹார்ன் வளைவுல பஸ்ஸத் திருப்புற கை இது" என்றாள் ரோவீனா. "இதுக்கா பலமில்லைங்கறீங்க? ஒரு நாள் வந்து நீங்க ஓட்டிப் பாருங்க மெர்ல், முதல் திருப்பத்துலயே உங்க பேன்ட் நனைஞ்சிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அதைக் கவனித்துத்தான் அவள் நேராக என் மேசைக்கு வந்தாள்.

குறை மணிக்கட்டில் இல்லை. தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியின் பிடிக்குள் செருகும் பெட்டியில், அவற்றை மேலே தள்ளும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. ஒரு காபி ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிட்டேன். அழுத்தமான வேறு ஸ்பிரிங்கைப் போட்டேன். தோட்டா ஏறும் சரிவையும் வழவழப்பாகத் தேய்த்துவிட்டேன். அவ்வளவுதான் வேலை.

துப்பாக்கிக்காரர்களான எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. உங்களுக்கும் தெரிந்திருக்கும். இருநூறு தோட்டாக்களை ஒரு தடங்கலுமில்லாமல் சுட்ட பிறகுதான் ஒரு துப்பாக்கியை நம்பி இடுப்பில் வைக்க வேண்டும். கடைசித் தோட்டாவில் மாட்டினாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். எந்தப் பாகத்தை மாற்றினாலும் மறுபடி ஒன்றிலிருந்து. நல்ல வழக்கம்தான். அதனால் உயிர் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்த சனிக்கிழமை அவள் சுட்டாள். பாதிக்கு மேல் போய்விட்டது, ஒரு தடங்கலுமில்லை. தோட்டாப் பெட்டிகளைக் காலி செய்து வைத்துவிட்டு, காதுமூடியைக் கழற்றி, என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாடா. இன்னிக்கே கணக்கு முடிஞ்சிரும். இனிமே சனிக்கிழமை வந்து உங்க உசுர வாங்கமாட்டேன், லைல்."

நல்ல மனதோடுதான் சொன்னாள். என் மனைவி போய்ப் பல வருடங்களாகிவிட்டன. அதற்கப்புறம் யாரும் என் கையைப் பிடித்ததில்லை. பெட்டிகளைத் துடைத்துத் தருகிறேன் என்று உள்ளே எடுத்து வந்தேன். பழைய ஸ்பிரிங் இதோ, இந்தக் குப்பைக் கூடையில் கிடந்தது. அதை எடுத்து ஒரு பெட்டியில் மாட்டினேன். இரண்டாவது பெட்டியைத் தொடவில்லை. ஒரு பெட்டியாவது நன்றாக வேலை செய்தால்தான் அவளுக்கு நம்பிக்கை இருக்கும்.

கொஞ்ச நேரத்தில் துப்பாக்கி மாட்டியது. ஒருவேளை மணிக்கட்டாகவும் இருக்கலாம் என்று நானும் சொன்னேன். அன்று அவள் தன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு சனிக்கிழமைதோறும் வந்தாள். பீச் பழம் போட்டுச் சுட்ட இனிப்பைத் துணி மூடிக் கொண்டுவருவாள். பேருந்தில் எந்தப் பையன் எந்தப் பெண்ணின் பின்னலைப் பிடித்து இழுத்தான் என்று சொல்வாள். அவள் வண்டிச் சத்தம் கேட்டாலே எனக்கு இருப்புக் கொள்ளாது. ஒரே குறையை எத்தனை முறை காட்ட முடியும்? அதனால் ஒவ்வொன்றாக மாற்றினேன். இருட்டில் பச்சையாகத் தெரியும் குறிமுனை, வியர்வையில் வழுக்காத பிடி, மென்மையாக இழுபடும் விசை. ஒன்றும் மட்டமான சாமானில்லை, ஐயா. ஒவ்வொன்றும் அவளுக்கு நல்லது. ஒவ்வொன்றுக்குப் பிறகும் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கியது, அதுவும் முறைப்படிதான். கணக்கு முடியும்வரை துப்பாக்கி என் இழுப்பறையிலேயே இருந்தது.

"ஏம்ப்பா லைல், அந்தத் துப்பாக்கிய ரிப்பேர் பண்றியா, இல்ல தத்தெடுத்து வளக்கிறியா?" என்று மெர்ல் கேட்டார். நானும் சேர்ந்து சிரித்தேன். அதுவரைக்கும் வேறொன்றை இரவல் தருகிறேன் என்று அவர் அவளிடம் சொன்னபோது, பழகிய கையைக் குழப்ப வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன்.

மன்னிக்கவும், அந்த ஜன்னல் தாழ்ப்பாளை ஒரு தரம் பார்த்துவிட்டு வருகிறேன். போட்டுத்தான் இருக்கிறது.

அக்டோபரில் ட்ராயின் வண்டி பேருந்து நிறுத்துமிடத்துக்கு எதிரில் வந்து நிற்க ஆரம்பித்தது. அவள் ஒரு திங்கட்கிழமை வந்தாள், கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "மாட்டினா மாட்டட்டும், லைல். இருக்கறபடியே குடுங்க. தலைமாட்டுல ஏதோ ஒண்ணு இருக்குன்னு தூங்குவேன்."

அன்றைக்கு அந்தத் துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை. பழைய ஸ்பிரிங்கை எப்போதோ எறிந்துவிட்டேன். கணக்கு இன்னும் முடியவில்லை என்ற ஒன்றே போதுமானதாக இருந்தது. எங்களில் யாராக இருந்தாலும் சொல்லியிருக்கக்கூடியதைத்தான் நானும் சொன்னேன். நம்ப முடியாத துப்பாக்கி கையில் இருந்தால், ஓட வேண்டிய நேரத்தில் நின்றுவிடுவாய் என்றேன். சனிக்கிழமை முடித்துவிடலாம் என்றேன்.

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் நான் இருக்கேன்ல. ஷெரீஃப் ஆளுங்க மலையச் சுத்தி வர்றதுக்குள்ள விடிஞ்சிரும். நான் ரெண்டு வளைவு தள்ளித்தான் இருக்கேன். மொதல்ல என்னைக் கூப்பிடு."

சரி என்று தலையசைத்தாள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை உங்களிடம் மறைப்பதில் அர்த்தமில்லை.

புதன்கிழமை பொழுது சாயும் நேரத்தில் போனில் கூப்பிட்டாள், நான் இந்த மேசையில்தான் இருந்தேன். சமையலறைக் கதவை ட்ராய் உடைத்துக்கொண்டிருந்தான். அவள் துணி துவைக்கும் அறைக்குள் இருந்தாள். மெதுவான குரலில், "சீக்கிரம் வாங்க" என்றாள். வருகிறேன் என்றேன். அவள் துப்பாக்கியை எடுத்துத் தோட்டா நிரப்பினேன். என் சட்டை முழுக்க எண்ணெய்க் கறை. மாற்றிக்கொண்டேன். இங்கே ஆணியில் தொங்கிய நீலச் சட்டை. அதைப் பேன்ட்டுக்குள் செருகி, தலையும் சீவிக்கொண்டேன். அவள் என்னை இந்த அழுக்கு உடுப்பில்தானே பார்த்திருக்கிறாள். அதிக நேரம் ஆகவில்லை.

நான் போனபோது ட்ராயின் வண்டி இல்லை. அவள் துவைக்கும் இயந்திரத்தில் சாய்ந்தபடி இருந்தாள், கையில் போனோடு. உயிரில்லை. அதற்குப் பிறகுதான் உங்களைக் கூப்பிட்டேன். துப்பாக்கியைத் திரும்ப எடுத்து வந்து இழுப்பறையில் வைத்தேன். அடக்கம் முடிந்த மறுநாள் பின்னால் போய் இருநூறையும் சுட்டுப் பார்த்தேன். ஓரிடத்திலும் நிற்கவில்லை. இந்த மாவட்டத்தில் இதைவிட நல்ல சின்னத் துப்பாக்கி கிடையாது.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். துப்பாக்கி அவளிடம் இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். அது அவள் கைக்குப் போகாமல் பார்த்துக்கொண்டவன் நான். தெரிந்தே, மாதக்கணக்கில். கொன்றது ட்ராய்தான், ஆனால் நான் அதைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. ஒன்றை மட்டும் சரியாக எழுதுங்கள். அவளுடைய அக்கா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள், ரோவீனாவுக்கு யாருமில்லை, தனியாகக் கிடந்து செத்தாள் என்று. அது பொய், ஐயா. அவளுக்கு ஒரே ஒருவரைக் கூப்பிடத்தான் நேரமிருந்தது. அவள் அக்காவைக் கூப்பிடவில்லை, உங்களையும் கூப்பிடவில்லை, என்னைத்தான் கூப்பிட்டாள்.